கடைசி மடைக்குத் தண்ணி வந்துச்சா?

போன ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை போன் பண்ணினார். சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். பேத்தியோட படிப்பு, ஊர் வெயில் எல்லாம் பேசி முடிச்சுட்டு, "மாமா, இந்த வருஷம் வாய்க்கால் வேலை எப்போ ஆரம்பிக்கிறீங்க? நோட்டை எடுத்தாச்சா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மாப்பிள்ளைகிட்ட, "வாய்க்கால் வெட்டறதுக்கு எதுக்குங்க மாப்ள திட்டம்? நாலு ஆளும் ஒரு மெஷினும் இருந்தா போதாதா?" என்று கேட்டவன் நான்.

சித்திரை பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பேப்பரில் "டெல்டாவில் தூர்வாரும் பணிகள் தீவிரம்" என்று படத்தோட செய்தி வரும். இத்தனை கோடி, இத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். பட்டணத்தில் இருக்கிற நீங்கள் காபி குடிச்சுக்கிட்டே அதைத் தாண்டிப் போயிடுவீங்க. அந்தச் செய்திக்குப் பின்னாடி என்ன நடக்கிறது, அதில் எது உருப்படுது, எது உருப்படலை என்பதைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதை இன்னைக்கு எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

முதலில் எங்க நிலைமை. வெண்ணாற்றுப் பாசனத்தில், கடைமடையில் இருக்கிறது எங்க ஊர். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி தண்ணி திறந்தால், மூணு நாலு நாளில் கல்லணைக்கு வந்து சேரும். அங்கிருந்து ஆறு, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து வயல். வாய்க்கால்களுக்கு ஏ, பி, சி, டி என்று வகுப்பு உண்டு. ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத்துறை பொறுப்பு. சி, டி என்கிற கடைசிக் கிளைகளுக்குச் சில வருஷம் வேளாண் பொறியியல் துறை வரும், சில வருஷம் நூறு நாள் வேலையில் கொஞ்சம் நடக்கும், சில வருஷம் யாரும் வரமாட்டார்கள். எங்க பொதுவாய்க்கால் அந்தக் கடைசி ரகம். நீளம் 1,400 மீட்டர். பாயுறது 120 ஏக்கர். மடை 31. அதில் முப்பத்தோராவது மடை என்னோடது. அதனால்தான் எனக்கு இவ்வளவு வாய்!

குறுவை என்பது 110 நாள் பயிர். ஜூன் 20-ல் நாற்று விட்டால் அக்டோபர் முதல் வாரம் தாண்டி அறுத்துடலாம். தண்ணி பதினஞ்சு நாள் தள்ளி வந்தால் அறுப்பு அக்டோபர் மூணாவது வாரத்துக்குப் போயிடும். அதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குற நேரம். நெல் சாஞ்சுடும். சாயாமல் தப்பிச்சாலும் ஈரம் ஏறிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டாங்க. ரோட்டோரம் கொட்டி, தார்ப்பாயைப் போட்டு மூடி, ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணும். ஆக, வாய்க்காலில் பதினஞ்சு நாள் என்பது எங்களுக்கு ஒரு போகத்தோட லாபநஷ்டம்.

இப்போ 2022 கதைக்கு வர்றேன். அந்த வருஷம் அரசு 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் தூர்வார வேலை எடுத்திருந்தது. எங்க கிளை அந்தப் பட்டியலில் இல்லை. சரி, நாமே செஞ்சுக்குவோம்னு ஊர் கூடிப் பேசினோம். ஏக்கருக்கு 400 ரூபாய். 48,000 வரவேண்டியது, 41,000 வந்தது. மே 20-ல் மெஷின் இறக்கினால் ஜூன் 10-க்குள் முடிச்சுடலாம்னு கணக்கு.

மெஷின் கிடைக்கலை. சுத்துவட்டாரத்தில் இருந்த பொக்லைன் எல்லாம் ஆற்று வேலையில் ஓடிக்கிட்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒண்ணு பிடிச்சோம். ரெண்டு நாள் ஓடினதும், பெரிய வேலைக்காரர் கூப்பிட்டார்னு அதையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இதுக்கு நடுவில் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். அணையில் தண்ணி நிறைய இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாசத்திலேயே திறந்தது அதுதான் முதல் தடவை. மத்த ஊர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு வயித்தில் புளி கரைச்சது. மெஷின் திரும்பி வந்து 1,100 மீட்டர் வெட்டி முடிக்கிறப்போ தலைப்பில் தண்ணி வந்துடுச்சு. காசும் தீர்ந்துடுச்சு. மிச்சம் 300 மீட்டர் அப்படியே கிடந்தது. அந்த 300 மீட்டரும் கடைசிப் பக்கம்.

அதோட போச்சா என்றால் இல்லை. வெட்டின இடத்திலேயும் கோளாறு. "நல்லா ஆழமா போடுப்பா"ன்னு ஆளாளுக்கு டிரைவர்கிட்ட சொல்லியிருக்கோம். அவரும் அள்ளி எடுத்துட்டார். டெல்டா என்பது தட்டையான பூமி. வாய்க்கால் தரை கண்டபடி இறங்கிப்போனால், ஓடுற தண்ணியும் அதோட கீழே இறங்கிடும், மடை மேலே நிக்கும். எட்டு மடைக்காரங்க, கண்ணெதிரில் தண்ணி ஓடுறப்போ டீசல் என்ஜின் வெச்சு இறைச்சாங்க. எடுத்த மண்ணைக் கரை ஓரத்திலேயே கொட்டினோம். அடிச்ச முதல் மழையில் பாதி மண் திரும்ப வாய்க்காலுக்கே வந்துடுச்சு. தலைப்பில் விட்ட தண்ணி என் மடைக்கு வந்து சேர 13 நாள் ஆச்சு.

ஆனால் போட்டோ இருக்கு. மெஷின் நிக்குது, நாங்க பத்துப் பேர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். அதைப் பார்த்தால் வேலை அமோகம்னுதான் சொல்லுவீங்க.

அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேலை முடிஞ்சுதுன்னு எதை வெச்சு மாமா சொல்லுவீங்க?"

"இதென்னங்க கேள்வி மாப்ள? 1,400 மீட்டரும் வெட்டியாச்சுன்னா முடிஞ்சுது."

"அப்போ 1,400 மீட்டரும் வெட்டி, உங்க வயலுக்குத் தண்ணி வரலைன்னா?"

பதில் சொல்ல முடியலை. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னேன். "தலைப்பில் தண்ணி விட்ட அஞ்சாவது நாள் கடைசி மடையில் தண்ணி பாயணும். அப்பதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அதை நோட்டுல முதல் பக்கத்துல எழுதிக்குங்க மாமா. மிச்சத்தையெல்லாம் அதுலேருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க."

இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த விஷயமே. எதை முடிவுன்னு வெச்சுக்கிறோமோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் வேலை நடக்கும். கிலோமீட்டரை முடிவா வெச்சால் கிலோமீட்டர் கிடைக்கும். தண்ணியை வெச்சால்தான் தண்ணி கிடைக்கும்.

2023-க்கு அப்படித்தான் செஞ்சோம். மேட்டூர் மே 24-லேயே திறந்தாலும் திறப்பாங்கன்னு நினைச்சு, மே 20-க்குள் எல்லாம் முடிஞ்சிருக்கணும்னு வெச்சோம். அதிலிருந்து பின்னாடி எண்ணினால், உளுந்து எடுத்த கையோட ஏப்ரல் கடைசியில் மெஷின் வாய்க்காலில் நிக்கணும். அந்த நேரத்தில் மெஷினுக்குக் கிராக்கி கம்மி. பங்குனியிலேயே அட்வான்ஸ் கொடுத்தாச்சு.

வேலைக்கு முன்னாடி ரெண்டு நாள் வாய்க்கால் முழுக்க நடந்தோம். முப்பது வருஷமா எங்க ஊரில் தண்ணி பாய்ச்சுற பெரியவர் ஒருத்தர் இருக்கார். அவரை முன்னாடி விட்டுட்டு நாங்க பின்னாடி போனோம். "இந்த இடத்துல தண்ணி தயங்கும்", "இந்த மடை எப்பவுமே கடைசியாத்தான் குடிக்கும்" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டோம். போன வருஷம் அவரை ஒரு வார்த்தை கேட்கலை என்பது அப்பதான் உறைச்சுது. கொத்தனாருங்க மட்டம் பார்க்கிற ட்யூபை வாங்கிக்கிட்டு வந்து, மடைக்கு மடை மட்டம் பிடிச்சு, ஒவ்வொரு மடையிலும் ஒரு கல்லு நட்டோம். மடையோட அடியிலிருந்து ஒரு முழத்துக்குக் கீழே பக்கெட் போகக் கூடாதுன்னு டிரைவர்கிட்ட கண்டிப்பாகச் சொல்லியாச்சு.

மண்ணை எங்கே போடுறது என்பதையும் முன்னாடியே பேசினோம். கரையோர நிலக்காரர், எனக்குச் சித்தப்பா முறை. "என் வரப்புப் பக்கம் ஒரு கூடை மண்ணு விழக் கூடாது"ன்னு ஒத்தக்கால்ல நின்னார். வழக்கமா நாங்க என்ன செய்வோம்? 'இந்த ஆளு இப்படித்தான்'னு திட்டிட்டு, அவர் இல்லாத நேரமாப் பார்த்துக் கொட்டிட்டு வந்துடுவோம். இந்தத் தடவை, "ஏன் சித்தப்பா?"ன்னு கேட்டோம். "போன வருஷம் கொட்டின மண்ணுல நெய்வேலிக் காட்டாமணக்குத் துண்டு கலந்து வந்து, வரப்பு பூரா முளைச்சுக் கிடக்குடா. வந்து நீங்களே பாருங்க"ன்னார். போய்ப் பார்த்தோம். மனுஷன் சொன்னது நூத்துக்கு நூறு. அந்தச் செடி ஒரு துண்டு கிடந்தாலே வேர்விட்டுடும். அதனால் மெஷின் இறங்குறதுக்கு முன்னாடியே கட்டாமணக்கையும் வெங்காயத் தாமரையையும் ஆள் விட்டு அறுத்து மேட்டில் போட்டுக் காயவெச்சோம். அப்புறம் சித்தப்பாவே தன் பள்ளத்துக்கு இருபது லோடு மண் கேட்டு வாங்கிக்கிட்டார்!

வேலையைக் கடைசியிலிருந்து ஆரம்பிச்சோம். மெஷினை வயல் வழியா அந்தக் கடைசிக்குக் கொண்டுபோறது சிரமம்தான். ஆனால் நடுவில் எது நின்னாலும், தலைப்புப் பக்கம் மிச்சம் கிடந்தால் கூலி ஆளை வெச்சாவது ரோட்டுப் பக்கத்திலிருந்து முடிச்சுடலாம். கடைசி மிச்சம் கிடந்தால் அதைச் சீந்த ஆள் இருக்காது.

மணிக்கு 1,200 ரூபாய் வாடகை. மணிக்கணக்கில் கொடுத்தால் மெல்ல ஓட்டுவாங்க, மீட்டர் கணக்கில் கொடுத்தால் மேலாக வழிச்சுட்டுப் போவாங்க. ரெண்டிலும் வில்லங்கம் உண்டு. மணிக்கணக்குதான்னு முடிவு பண்ணி, மகளிர் குழுவில் கணக்கு எழுதுற ஒரு தங்கச்சியை நோட்டோட கூடவே நிறுத்தினோம். எத்தனை மணிக்கு ஓடுச்சு, எத்தனை மணிக்கு நின்னுச்சு, எத்தனை மீட்டர் எல்லாம் அதில் ஏறிடும். 31 மணி நேரத்தில் 1,400 மீட்டரும் முடிஞ்சுது. 37,200 ரூபாய். வசூல் 44,000. மொத்தத்திலிருந்து முதலிலேயே 6,000 ரூபாயைத் தனியா எடுத்து வெச்சுட்டோம். மாப்பிள்ளை சொன்னதுதான். "எதுக்குன்னு இப்போ தெரியாது மாமா. ஆனா கண்டிப்பா எதுக்காவது வேணும்." நடுவில் ஒரு குழாய்ப் பாலத்தில் ரெண்டு குழாய் உடைஞ்சு அடைச்சுக் கிடந்தது. மேலே பார்த்தால் தெரியவே இல்லை. ரெண்டு நாளும் 5,200 ரூபாயும் அதுக்குப் போச்சு. அந்த 6,000 இல்லைன்னா மறுபடியும் வீடு வீடாப் போய்க் கை ஏந்தியிருக்கணும், அதுக்குள்ள தண்ணி வந்திருக்கும்.

அந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தார்கள். தலைப்பில் தண்ணி விட்ட நாலாவது நாள் என் மடையில் தண்ணி. வரப்பில் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அறுபது வயசில் கண்ணு கலங்குறதெல்லாம் வெளியில் சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்.

அதோட எல்லாம் சுபம்னு முடிச்சால் பொய் சொன்னதாயிடும். அந்த வருஷம் மேலேயிருந்து வரவேண்டிய தண்ணி சரியா வரலை. அக்டோபர் 10-ல் அணையையே மூடிட்டாங்க. கடைமடையில் எத்தனையோ பேர் குறுவை கருகிப்போச்சு. எங்களுக்கும் மகசூல் குறைஞ்சுது. ஆனா அறுத்தோம். தண்ணி தட்டுப்பாடு முத்துறதுக்குள்ள எங்க பயிர் பூத்து பால் பிடிச்சிருந்தது. எங்களுக்குப் பதினஞ்சு நாள் பின்னாடி நட்டவங்க பயிர் சரியாப் பூக்குற நேரத்தில் மாட்டிக்கிச்சு. 2024-ல் இன்னும் மோசம். நாங்க மே மாசமே எல்லாத்தையும் முடிச்சுட்டு உட்கார்ந்திருக்கோம், அணையில் தண்ணி இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தாங்க. குறுவை எங்களுக்கு இல்லைன்னு ஆயிடுச்சு. ஆனா நவம்பர் கடைசியில் கொட்டின மழையில் சம்பா மூழ்கினப்போ, இதே வாய்க்கால்தான் எங்களுக்கு வடிகாலாவும் வேலை செஞ்சுது. அக்கம்பக்கத்தைவிட முன்னாடியே வடிஞ்சுது.

குடகில் மழை பெய்யலைன்னா எந்த நோட்டாலும் தண்ணி கொண்டுவர முடியாது. நம்ம கையில் இல்லாதது நிறைய இருக்கு. அதனாலேயே, நம்ம கையில் இருக்கிறதில் கோட்டை விடக் கூடாதுங்கிறது என் கட்சி. வானம் பொய்ச்சுக் கெட்டால் மனசு ஆறிடும். தண்ணி வந்தும், நம்ம அசட்டையால் கடைசி வயல் காஞ்சால் ஆறாது.

இப்போ அரசு வேலைக்கு வர்றேன். எங்க சின்ன வாய்க்காலில் நாங்க பண்ணின அதே தப்பு பெரிய அளவில் வருஷா வருஷம் நடக்குது. அதிகாரிகள் மேல் பழி போட நான் வரலை. பைக்கில் வெயிலில் அலைஞ்சு திரியுற இன்ஜினியர்களை எனக்குத் தெரியும். ஒருத்தர் என்கிட்டயே சொன்னார்: "அண்ணே, கடைசிக்கு முன்னாடி போகணும்னு எனக்குத் தெரியாதா? நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, ஆர்டர் கைக்கு வர்றதுக்குள்ள மே மாசம் ஆயிடுதுண்ணே."

ரெண்டு பஞ்சாங்கம் ஓடுது. தண்ணியோட பஞ்சாங்கம் ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுறப்போ ஆரம்பிச்சு ஜூன் 12-ல் முடியும். நடுவில் 135 நாள். சம்பா அறுப்பு, உளுந்து, பயறு எல்லாம் கழிச்சாலும் ரெண்டு மாசத்துக்குக் குறையாது. பணத்தோட பஞ்சாங்கம் ஏப்ரல் 1-ல் ஆரம்பிக்குது. அந்த ரெண்டு மாசத்தில் பாதி காகிதத்திலேயே போயிடுது. மிச்சப் பாதியில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் ஓடணும். அவசரத்தில் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற, மெஷின் சுலபமா இறங்குற இடம் முதலில் முடியும். கடைமடை கடைசிக்குப் போகும். கணக்கில் கிலோமீட்டர் சரியா இருக்கும்.

என் யோசனை பெரிசா ஒண்ணுமில்லை. ஜூன் 12 திடீர்னு வர்ற தேதி இல்லை. எஸ்டிமேட், டெண்டர் எல்லாம் வாய்க்காலில் தண்ணி ஓடுற தை மாசத்துக்குள்ளேயே முடியட்டும். எங்கே தண்ணி தயங்குதுன்னு தண்ணி ஓடுறப்போதானே கண்ணுக்குத் தெரியும்? வேலை கடைமடையிலிருந்து மேலே வரட்டும். வேலை நடக்கிற இடத்தில் வைக்கிற பலகையில் தொகை, நீளத்தோட, 'இந்த வாய்க்காலின் கடைசி மடைக்கு எத்தனையாவது நாள் தண்ணி போகும்' என்று ஒரு வரி சேர்க்கட்டும். பில் தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வெச்சு, கடைசி மடைக்காரர் தண்ணி வந்துச்சுன்னு கையெழுத்துப் போட்ட பிறகு கொடுக்கட்டும். விவசாயிகளைக் கண்காணிப்புக் குழுவில் சேர்க்கிறது நல்ல விஷயம்தான். மண் வெட்டினப்புறம் வந்து பார்க்கிறதைவிட, எங்கே வெட்டணும்னு முடிவு பண்றப்பவே கேட்டால் இன்னும் உபயோகம்.

கடைசியா உங்களுக்கும் ஒண்ணு. ஊருக்குக் குளம் தூர்வார சனி, ஞாயிறு வர்ற பட்டணத்துப் பிள்ளைங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நல்லா வெட்டின குளம், படிக்கட்டு, சுத்திலும் மரக்கன்று, நடுவில் சொட்டுத் தண்ணி இல்லைங்கிற கதையை நான் ரெண்டு மூணு ஊரில் பார்த்துட்டேன். வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கும். குளம் போட்டோவில் தெரியும், வரத்து வாய்க்கால் தெரியாது. அடுத்த தடவை வர்றப்போ முதலில் இதுக்குத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கேளுங்க. ரெண்டாவது, நீங்க போனப்புறம் யார் பார்த்துக்குவாங்கன்னு கேளுங்க. எங்க வாய்க்காலிலேயே செப்டம்பரில் ஒரு தடவை களை எடுக்கலைன்னா வெங்காயத் தாமரை மறுபடியும் மூடிடும். 2023-ல் மிஞ்சின 1,600 ரூபாய் அதுக்குத்தான் போச்சு.

மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லிட்டேன். நோட்டு எடுத்தாச்சு. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. வர்ற புதன்கிழமை காலையில் பெரியவரை முன்னாடி விட்டுட்டு வாய்க்காலில் நடக்கப் போறோம். அவருக்கு இப்போ முழங்கால் வலி. அதனால் இந்தத் தடவை அவர் பேரனையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். தண்ணி எங்கே தயங்கும்னு அந்தப் பையனுக்கும் தெரியணும் இல்லையா?

ஜூனில் தண்ணி வந்ததும் எத்தனையாவது நாள் என் மடைக்கு வந்துச்சுன்னு இங்கேயே எழுதுறேன். வரலைன்னாலும் எழுதுறேன்.